தண்ணீர் எரிந்த ஞாயிற்றுக்கிழமை

இந்த உலகத்தில் பச்சைத் தண்ணீரைப் பற்றவைத்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருமே நான்தான். ஒரே நாளில் இரண்டு தடவை பற்றவைத்ததால் இரண்டு ஆளாகக் கணக்கு வைத்திருக்கிறேன்.

நீங்கள் நம்பவேண்டாம். என் வீட்டிலேயே யாரும் நான் சொல்வதை நம்புவதில்லை. நான் ஓய்வுபெற்ற மைக்ரோவேவ் அடுப்பு மெக்கானிக். முப்பத்து நான்கு வருடத்தில் நான் திறந்து மூடிய அடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவரைக்கும் ஏறிப்போய், அங்கே கை கால் கழுவிவிட்டு இறங்கிவரலாம். ஓர் அடுப்புக்குள்ளிருந்து பல்செட் ஒன்றை எடுத்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் அது சிரித்தது. ஒருமுறை மின்சாரம் தேங்கியிருந்த கெபாசிட்டரைத் தெரியாமல் தொட்டு, மூன்று தெரு தாண்டிப் போய் விழுந்தேன். விழுந்த வீட்டிலும் அடுப்பு ரிப்பேர், அதையும் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்படியே பேசிப் பழகிவிட்டதால் வீட்டில் என் சொல்லுக்குப் பாதி விலைதான். மனைவியின் தம்பியிடம் அந்தப் பாதியும் கிடையாது.

என் மச்சான் மின்வாரியத்தில் மீட்டர்களைச் சோதித்துச் சோதித்தே தலை நரைத்தவன். எனக்கு அடுத்த வருடம் ஓய்வுபெற்றான். எல்லோரும் அவனை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பார்க்காததை நம்பமாட்டான், பார்த்ததை இன்னொரு தடவை பார்த்துவிட்டு யோசிப்பான். என் கல்யாணத்தன்று அவன் தன் அக்காவின் காதில், "இவரு பேச்சுல நூத்துக்கு எழுபது லாஸ்க்கா" என்று சொன்னது எனக்கே கேட்டது.

ஒரு புதன்கிழமை காலையில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர் வேலை. நிரந்தர வேலை, பம்ப் நிலையத்தை ஒட்டியே இரண்டு அறை வீடும் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்கு ஏழாம் மாதம். அவள் முகம் நனைந்த துணிபோலத் தொங்கியது. மாப்பிள்ளையின் முகமோ புது ட்யூப்லைட்.

"மாமா, வேலைய விடப்போறேன்" என்றார் செருப்பைக் கழற்றும்போதே. "லெட்டர் எழுதியாச்சு. திங்கக்கிழமை குடுக்கறேன்."

"விட்டுட்டு?"

"தண்ணிலயே எரியற அடுப்பு, தண்ணிலயே ஓடற மோட்டார். அந்தக் கம்பெனில என்னைச் சேத்துக்கறாங்க. உள்ள என்ன இருக்கு தெரியுமா மாமா? உங்க ஆளு. மேக்னட்ரான்!"

எனக்கு ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. என் ஆள்தானே.

மேக்னட்ரான் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் இதயம் அது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு செம்பு வளையம். வளையத்தின் உள்பக்கச் சுவரில் சின்னச் சின்ன அறைகள், எல்லா அறைக்கும் வாசல் நடுவை நோக்கி. நடுவில் ஒரு கம்பிச் சுருள். சூடேறியதும் அது எலெக்ட்ரான்களைத் துப்பும். செம்புச் சுவர் நாலாயிரம் வோல்ட்டை வைத்துக்கொண்டு அவற்றை 'வா, வா' என்று இழுக்கும். நேராக ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. ஆனால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு காந்தங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஓடுகிறவனைக் காதைப் பிடித்துத் திருப்பிவிடுவதுதான் அவற்றின் வேலை. பாவம், எலெக்ட்ரான் வாசலுக்கும் போகமுடியாமல் வீட்டுக்கும் திரும்பமுடியாமல் நடுக்கூடத்தில் சுற்றிச் சுற்றி ஓடும். ஒவ்வொரு வாசலையும் கடக்கும்போது அந்த அறை முனகும், காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் முனகுமே, அதேபோல. எத்தனை தடவை? ஒரு நொடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி தடவை. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. இந்த ஓர் எண்ணுக்காகவே எனக்கு அந்தத் தொழிலின்மேல் காதல். அந்த முனகல் அலையாகக் கிளம்பிப் போய்த் தண்ணீரின் ஒவ்வொரு துகளையும் இப்படியும் அப்படியும் உலுக்கும். துகள்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சூடாகும். அவ்வளவுதான் விஷயம்.

மாப்பிள்ளை போனில் வீடியோவைக் காட்டினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். 'பேராசிரியர்' என்றார்கள், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெட்டியின் தலையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், பெட்டியின் வாயில் ஒரு தீ. அப்புறம் ஒரு மீட்டரின் முகம் மட்டும் திரை முழுக்க வந்தது. நண்டுக் கொடுக்குபோல வாயைத் திறந்து வயரைக் கவ்விக்கொள்ளுமே, அந்த மீட்டர். அது காட்டியது பூஜ்யம்.

"பாத்தீங்களா? கரண்டே இழுக்கலை. எல்லாம் தண்ணியோட சக்தி!"

மச்சான் அப்போது நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வீடியோவை நீட்டியபோது தலையைத் திருப்பிக்கொண்டான். "பொய்யப் பாக்கறதுக்கு என் கண்ண நான் வாடகைக்கு விடலை. தண்ணி எரியாது மாப்ள. அது ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச சாம்பல். ஹைட்ரஜன் எரிஞ்சா மிஞ்சறதுதான் தண்ணி. சாம்பல யாராவது கொளுத்துவாங்களா?"

அன்றைக்கு அவன் மட்டும் அந்த வீடியோவை ஒரு கண்ணால் பார்த்திருந்தால், இந்தக் கதை அந்த நாற்காலியிலேயே முடிந்திருக்கும். அதை இன்றைக்கும் அவனுக்குச் சொல்லிக்காட்டுகிறேன்.

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்ன தோரணை இருக்கிறதே! மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னான். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"ஏன் எரியாது? மேக்னட்ரான் நெனச்சா எரியும். நானே எரிப்பேன்!"

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "மாமாவே சொல்லிட்டாரு! முப்பத்து நாலு வருஷ அனுபவம்! இதுக்கு மேல என்ன வேணும்?"

சட்டைப் பையில் இருந்த கடிதத்தை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

மகள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகப் பேசினாள்.

"அப்பா, அவர் நாலு நாளா யோசிச்சிட்டேதான் இருந்தாரு. இப்ப நீங்க முடிச்சு வெச்சுட்டீங்க. வேலைய விட்டா மறுமாசமே வீட்டைக் காலி பண்ணணும். இந்த வயித்தோட நான் எங்கப்பா போய் வீடு தேடறது?"

"நான் அது நடக்காதுன்னு அவர்ட்ட எடுத்துச் சொல்றேம்மா."

"நீங்க சொன்னா யாருப்பா நம்புவா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள், மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல. மச்சான் சொன்னாலும் மாப்பிள்ளை கேட்கமாட்டார். அவர்கள் கல்யாணமே ஆறு மாதம் தாண்டாது என்று சொன்னவன் அவன். ஆக, வாயால் ஆகிற காரியம் இல்லை. செய்துதான் காட்டவேண்டும்.

கூடத்துக்கு வந்து சொன்னேன். "மாப்ள, ஞாயித்துக்கெழமை காலைல வாங்க. அதே மாதிரி மிஷின நானே செஞ்சு வெக்கறேன். அளந்து பாப்போம்."

மாப்பிள்ளை நேர்மையான மனுஷர். நெஞ்சில் கை வைத்தார். "உங்க மிஷின், என் மீட்டர். அது கரண்ட் தின்னுச்சுன்னா லெட்டர அங்கயே கிழிச்சுடறேன். தின்னலைன்னா திங்கக்கிழமை குடுத்துடுவேன். அப்புறம் யாரும் என்னைத் தடுக்கக் கூடாது."

"மிஷின் எரிஞ்சாத்தானே அளக்கறது?" என்றான் மச்சான் பேப்பருக்குள்ளிருந்து.

அவன் சொன்னது வாஸ்தவம். தீ வரவில்லை என்றால் மாப்பிள்ளை, 'மாமாவுக்குச் செய்யத் தெரியலை, பேராசிரியருக்குத் தெரியும்' என்று கடிதத்தைக் கொடுத்துவிடுவார். அதனால் தண்ணீர் எரிந்தே ஆகவேண்டும். எரியவும் வேண்டும், மின்சாரத்தைத் தின்பதும் தெரியவேண்டும். என் கையில் மூன்றே முக்கால் நாள்.

வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட என் பட்டறை இருக்கிறது. அங்கே நான் ஐந்து மேக்னட்ரான்களைப் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தேன். ஓய்வு பெற்றவர்கள் சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், நான் இது. வேலையைத் தொடங்கினேன். அலையைக் கொண்டுபோக அலுமினியத் தகட்டில் சதுரமாக ஒரு கால்வாய். கால்வாயின் நடுவில், பழைய ரூம் ஹீட்டரிலிருந்து கழற்றிய குவார்ட்ஸ் குழாய் செங்குத்தாக. கீழே ஒரு கெட்டிலிலிருந்து குழாய்க்குள் நீராவி போகும். அலைகள் அங்கே நீராவியைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கி, ஹைட்ரஜன் வேறு ஆக்ஸிஜன் வேறாகப் பிய்த்துப்போடும். மேலே வெளியே வந்ததும் இரண்டும் மறுபடி கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது தீ. சுற்றிலும் இரும்பு வலைக் கூண்டு. கூண்டுக் கதவு திறந்தால் தானாக அணைந்துவிடும்படி இரண்டு சுவிட்சு. அலை கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று கழுத்தில். நான் பேச்சில்தான் அளப்பேனே தவிர வேலையில் ஒரு நூல் பிசகமாட்டேன். பத்து விரலும் பத்திரமாக இருப்பதே அதற்குச் சாட்சி.

வியாழக்கிழமை முதல் மேக்னட்ரான் செத்தது. கால்வாயின் நீளம் சரியில்லாததால் போன அலையெல்லாம் திரும்பிவந்து அதன் முகத்திலேயே அறைந்தது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் கால்வாயை ஒரு விரற்கடை குறைத்தேன். இரண்டாவது மேக்னட்ரான் தாக்குப்பிடித்தது. ஆனால் குழாய்க்குள் தீ இல்லை. வெறும் புகைமூட்டம். குழாயின் உள்சுவரில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு, அலையையெல்லாம் அந்தச் சொட்டுகளே குடித்துவிட்டன. தீயைத் தூண்டிவிட, பல்பு இழையிலிருந்து எடுத்த நூல் போன்ற டங்ஸ்டன் கம்பியைப் பீங்கான் குச்சியின் நுனியில் கட்டி, கூண்டின் ஓட்டை வழியாக நீட்டி நீட்டி எடுத்தேன். கம்பி மினுங்கும், உடனே அணையும். மத்தியானத்துக்குள் எழுநூற்று இருபது தடவை நீட்டியிருப்பேன். சரி, முப்பது தடவை. அந்த ஓட்டத்தில் இரண்டாவதும் சூடேறிக் கருகியது.

மச்சான் பட்டறை வாசலில் வந்து நின்றான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசனையை மட்டும் பிடித்தான்.

"ரெண்டு போச்சா?"

"ரெண்டுதான் போச்சு. மூணு இருக்கு."

"அத்தான், உங்களுக்கு ஒரு டம்ளர் வெந்நி வேணும்னா அடுப்புல வெச்சுக் கொதிக்க வைங்க. எதுக்கு இந்தப் பாடு?"

"நீ போய் உன் பேப்பரப் படி. நாளன்னைக்கு உன் பேரு அதுல வரும், நம்பாத மனுஷன்னு."

மனைவி டீ கொண்டுவந்தாள். பட்டறைக்குள் அவள் வருவதே அபூர்வம். குழாயைச் சற்று நேரம் பார்த்தாள்.

"என்ன சொட்டுது?"

"நீராவி, தண்ணியா மாறிடுது."

"இஸ்திரிப் பெட்டி சரியா சூடாகறதுக்கு முன்னாடி ஆவிப் பட்டனை அமுக்கினா இப்படித்தான் புடவைல சொட்டும். இது கூடவா தெரியாது? முப்பத்து நாலு வருஷம் என்னத்தத்தான் பண்ணீங்களோ." டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் டீயைக் குடிக்கவில்லை. நேராக அலமாரியைத் திறந்து பழைய இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். தலைகீழாகப் போட்டு இறுக்கி, அதன் தட்டின்மேல் செம்புக் குழாயைப் பாம்புபோல வளைத்து வைத்து இறுகக் கட்டினேன். நீராவி அதன் வழியாக ஊர்ந்து போனால், இன்னொரு தடவை காய்ந்து, ஈரமே இல்லாத நீராவியாக வெளியே வரும். வேலை முடிய சனிக்கிழமை சாயங்காலம் ஆனது. புது மேக்னட்ரானை மாட்டி வைத்தேன். ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்த்து இதுவும் போய்விட்டால் என்ற பயம்தான். நான் பயந்தேன் என்று எழுதுவது இதுவே முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மச்சான் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான், 'அதுக்குள்ள புகைஞ்சு முடிச்சிருப்பாரு' என்ற சேதியோடு. மாப்பிள்ளை புது மீட்டரை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். பேராசிரியர் வைத்திருக்கும் அதே மாடலாம். மகளைத் தூரமாக வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

இஸ்திரிப் பெட்டி காய்ந்தது. கெட்டில் கொதித்தது. காய்ந்த நீராவி சத்தமில்லாமல் குழாய்க்குள் ஏறியது. சுவரில் ஒரு சொட்டு இல்லை. மேக்னட்ரான் சுவிட்சைப் போட்டேன். டிரான்ஸ்பார்மர் உறுமியது. டங்ஸ்டன் கம்பியை நீட்டி எடுத்தேன்.

குழாய் எரிந்தது.

வேறெப்படிச் சொல்வது? ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறத்தில் குழாய்க்குள் ஒரு தூண் எழுந்து நின்றது. அதன் தலையில், குழாயைத் தாண்டி, ஒரு சாண் உயரத்துக்குத் தீ 'உஸ்ஸ்' என்று சீறியது. கீழே கெட்டிலில் வெறும் தண்ணீர். மேலே தீ. உலகமே ஒரு நிமிடம் சுற்றுவதை நிறுத்திவிட்டு என் பட்டறைக்குள் எட்டிப்பார்த்தது.

"மாமா! மாமா!" மாப்பிள்ளை ஓடிப்போய் மேக்னட்ரானின் மின்வயரை மீட்டரின் கொடுக்குக்குள் கவ்வவைத்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர்.

"பூஜ்யம் மாமா."

நானும் குனிந்து பார்த்தேன். பூஜ்யம்தான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஒரு கணத்தில் நானும் நம்பினேன். ஒருவேளை பேராசிரியர் சரியோ? ஒருவேளை நான்தான் அதைச் செய்துகாட்டிய மேதையோ? எனக்குச் சிலை வைத்தார்கள். சிலைக்குப் பக்கத்தில் மச்சான் கைகட்டி நின்றான். சும்மா இருந்தால் போதும். தலையை மட்டும் ஆட்டினால் போதும், என் வாழ்நாளில் நான் அளந்த அத்தனையும் உண்மையாகிவிடும்.

மகளைப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தீயைப் பார்க்காமல் மாப்பிள்ளையின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமல் எனக்குத் தெரியும். பட்டினி கிடக்கிறவன் அப்படி உறுமமாட்டான். வயரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்றிருந்தது. ஒன்றும் ஓடாத வயர் எதற்குச் சூடாகவேண்டும்?

"மாப்ள, மீட்டர அப்படியே எடுத்து இந்த இஸ்திரிப் பெட்டி வயர்ல மாட்டுங்க."

மாட்டினார். பூஜ்யம்.

"இஸ்திரிப் பெட்டியும் தண்ணிலயா ஓடுது?"

மாப்பிள்ளை விழித்தார். "மீட்டர் ரிப்பேரா?"

"கெட்டில்ல மாட்டுங்க."

கெட்டிலுக்கும் பூஜ்யம். தீயை அணைத்தேன். எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன். இஸ்திரிப் பெட்டி வயரின் மேலுறையை ஒரு சாண் நீளத்துக்குச் சீவி, உள்ளே இருந்த சிவப்பையும் கறுப்பையும் தனித்தனியாகப் பிரித்தேன். உள்ளுறை ஒரு கீறல் படாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிவப்பை மட்டும் கொடுக்குக்குள் விட்டு மறுபடி பிளக்கைப் போட்டேன்.

நாலரை ஆம்பியர்.

"கரண்ட் ஒரு கம்பில போகுது, இன்னொரு கம்பில திரும்பி வருது மாப்ள. இந்த மீட்டர் வயரச் சுத்தி உண்டாகற காந்தத்தைத்தான் மோப்பம் பிடிக்குது. ரெண்டையும் சேத்துக் கவ்வினா போறதும் வர்றதும் அடிச்சுக்கிட்டுப் போயிடும். ஊரையே எரிக்கற கரண்ட் ஓடினாலும் பூஜ்யம்தான் காட்டும். எப்பவும் ஒத்தக் கம்பியத்தான் கவ்வணும்."

மேக்னட்ரான் வயரையும் அதேபோலப் பிரித்து, தீயை ஏற்றாமல் ஐந்து நொடி மட்டும் ஓட்டிக்காட்டினேன். ஐந்தேகால் ஆம்பியர். மாப்பிள்ளை எண்ணைப் பார்த்தார். போனை எடுத்து வீடியோவை ஓட்டி, நிறுத்தி, விரலால் பெரிதாக்கினார். மீட்டர் முகத்தின் ஓரத்தில், கொடுக்குக்குள் வயர் முழுசாகக் கிடந்தது. உறை கலையாமல், தடியாக.

"அப்ப... தீ?"

"தீ உண்மை. ஆனா நான் சொல்றத நல்லாக் கேளுங்க." கூட்டாமல் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. "அது தண்ணியோட சக்தி இல்ல. நாம குடுத்த கரண்டுதான், சுத்திக்கிட்டு வந்து தீயா நிக்குது. தண்ணியப் பிரிக்க எவ்வளவு செலவோ, திரும்பச் சேரும்போது அதுக்கு மேல ஒரு பொட்டுக்கூட வராது. வழியில மேக்னட்ரானும் குழாயும் தின்னது போக, நாம ஒரு அண்டா ஊத்தினா அது ஒரு டம்ளர் திருப்பிக் குடுக்குது. நான் செஞ்சது பெரிய விஷயமே இல்ல மாப்ள."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும்தான் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அப்பா அப்படிப் பேசியதே இல்லை. மாப்பிள்ளைக்கும் அதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். பட்டறைக்கு வெளியே போய்ப் பேராசிரியருக்குப் போன் போட்டார்.

"சார், ஒரு கம்பிய மட்டும் கவ்விக் காட்ட முடியுமா? ... இல்ல சார், ரெண்டையும் இல்ல, ஒண்ணை மட்டும் ... சார்? ... ஹலோ?"

திரும்பி வந்தார். "இன்னொரு கால் வருதாம்." சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து, அதையும் நாலாகக் கிழித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மகள் வந்து அந்தத் துண்டுகளை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு எத்தனை மணி ஷிஃப்ட்டு?" என்றாள்.

"ஆறு மணி."

"அப்ப அஞ்சுக்கே எழுப்பறேன்" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் அந்த நேரம் பார்த்துத் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மச்சான் வந்து சேர்ந்தான். எல்லாவற்றையும் கேட்டான். கம்பியைப் பிரித்து அளந்ததைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது; தன் அலுவலகத்துக்கு யாரோ பாராட்டுவிழா எடுத்ததுபோல. "பரவாயில்ல அத்தான், இந்த ஒரு வேலை சரியாப் பண்ணீங்க. ஆனா தண்ணி எரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"எரிஞ்சுது சின்ன மாமா, நான் பாத்தேன்" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க பூஜ்யத்தையும்தான் பாத்தீங்க."

"நானும் பாத்தேன் மாமா" என்றாள் மகள்.

"நீ அவரு பொண்ணு. குடும்பமே கெட்டுப்போச்சு."

கடிதம் கிழிந்தாயிற்று. காரியம் முடிந்துவிட்டது. விட்டுவிடலாம்தான். ஆனால் கல்யாண நாளிலிருந்தே எழுபது சதவீத லாஸ் என்று பேர் வாங்கினவனுக்கு ஒரு நாளாவது நூற்றுக்கு நூறு காட்டவேண்டாமா? "உக்காரு" என்றேன். அவன் உட்காரவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்று பார்த்தான். கெட்டிலை எடுத்துக் கொட்டி, சமையலறைக் குழாயில் தானே தண்ணீர் பிடித்துவந்து, அதில் ஒரு வாய் குடித்தும் பார்த்தான். "தண்ணிதான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத் தானே ஊற்றினான்.

சுவிட்சைப் போட்டேன். கம்பியை நீட்டினேன். மினுங்கியது, அணைந்தது. மறுபடி. மறுபடி. உறுமல் மெலிந்து, உள்ளே 'டப்' என்றது. மூன்றாவது மேக்னட்ரானும் கண்ணை மூடியது. மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான். அவன் பேசியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை இறக்கி, போர்வையைப் பிரித்தேன். நாலாவது. நாலு திருகு, இரண்டு வயர், ஒரு வளையம். கை தானாகவே வேலை செய்தது. மாட்டும்போது பார்த்தேன், முன்னதில் அலை வெளியே வரும் மூக்கைச் சுற்றியிருந்த வலை வளையம் நசுங்கி, அங்கே பொறி பறந்து கருகியிருந்தது. புது வளையத்தை ஒழுங்காகப் பொருத்தினேன். இருபது நிமிடம் ஆயிற்று. மாப்பிள்ளை திருகுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். யாரும் வீட்டுக்குள் போகவில்லை.

உறுமல். கம்பியை நீட்டினேன்.

ரோஜாத் தூண் எழுந்து நின்றது.

மச்சான் கிட்டே வந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். தீ அங்கேயே இருந்தது. பேப்பரின் ஓரத்தை நீளமாகக் கிழித்து, கூண்டின் மேல்வாய்க்கு மேலே நீட்டினான். 'பக்'கென்று பற்றிக்கொண்டது. விரலைச் சுடும்வரைக்கும் பிடித்திருந்து கீழே போட்டு மிதித்தான். இன்னொரு துண்டைக் கிழித்து நீட்டினான். அதுவும் பற்றியது. கெட்டிலைப் பார்த்தான். தீயைப் பார்த்தான். ஒற்றைக் கம்பியில் மீட்டர் காட்டிய எண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"கரண்ட்தானே தின்னுது" என்றான்.

"ஆமா, கரண்ட்தான் தின்னுது" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பட்டறையிலிருந்து இறங்கி, மெதுவாக நடந்து, சமையலறை வாசலில் போய் நின்றான். உள்ளே என் மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"என்னடா?"

"தண்ணி எரிஞ்சுதுக்கா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."